ரேஸ் டிராக்கில் முதல் முறை: பைக் ரசிகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

உலகின் உச்சகட்ட பைக் ரேஸ் போட்டியான மோட்டோஜிபியை விடாமல் பார்க்கிற ரசிகர் யாராக இருந்தாலும் ஒரு தடவையாவது நினைத்திருப்பார்: அந்த டிராக்கில் நாம் ஓட்டினால் எப்படி இருக்கும்? இதைத் தெரிந்துகொள்ள ரேஸராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முகெல்லோ, அசென், ஹெரெஸ், பிலிப் ஐலண்ட் போன்ற உலகப் புகழ் பெற்ற டிராக்குகள்கூட, ரேஸ் இல்லாத நாட்களில் பயிற்சிப் பள்ளிகளுக்கும் டிராக் டே (ரேஸர் அல்லாதவர்களும் வந்து ஓட்டும் நாள்) நடத்துபவர்களுக்கும் வாடகைக்குக் கிடைக்கின்றன. சாலையில் ஓரளவு நம்பிக்கையோடு பைக் ஓட்டத் தெரிந்த யாரும் போகலாம்.

ஆனால் எந்த வரிசையில் போகிறோம் என்பது முக்கியம். பலர் முதலில் எக்ஸாஸ்ட் மாற்றுகிறார்கள், அப்புறம் சஸ்பென்ஷன், அப்புறம் ஒட்டும் டயர், கடைசியில் ஒரு டிராக் டே. பயிற்சி பற்றி யோசிப்பதே இல்லை. இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. முதல் பணம் பயிற்சியாளருக்குப் போகட்டும். பைக்கில் என்ன மாற்ற வேண்டும் என்பது ஒரு நாள் பயிற்சிக்குப் பிறகு தானாகவே தெரியும். பெரும்பாலும் பதில் "டயரும் பிரேக் பேடும் போதும்" என்பதாகத்தான் இருக்கும்.

முதலில் உங்களுக்கு என்ன வேண்டும்?

டிராக் அனுபவம் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல விஷயங்கள் விற்கப்படுகின்றன. எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஓட்டவே வேண்டாம், நெருக்கத்தில் இருந்து பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ரேஸ் வார இறுதிகளில் பிட் லேன் (டிராக்கில் இருந்து பைக்குகள் உள்ளே வரும் பாதை) நடை, பேடாக் (அணிகள் தங்கும் வளாகம்) சுற்றுலா, விஐபி டிக்கெட் போன்றவை உண்டு. இதிலேயே ஒரு படி மேலே, இரட்டை இருக்கை கொண்ட ரேஸ் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவது. டுகாட்டியின் இரட்டை இருக்கை மோட்டோஜிபி பைக்கில் முன்னாள் கிராண்ட் பிரி வீரர் ராண்டி மமோலா பல ஆண்டுகள் விருந்தினர்களை ஏற்றிச் சென்றார். டேங்கின் மேல் பொருத்திய கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் பலரும் வேகத்தைவிட பிரேக்கைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ரேஸ் பைக் எவ்வளவு வேகமாகப் போகும் என்று டிவியில் பார்க்கலாம். எவ்வளவு சீக்கிரம் வேகம் குறையும் என்பது உடம்புக்குத் தெரிந்தால்தான் உண்டு.

அடுத்தது ரேஸிங் ஸ்கூல். வகுப்பறை, பயிற்சியாளர், டிராக் மூன்றும் சேர்ந்தது. டிராக் டே என்பது வேறு: டிராக்கைத் திறந்துவிடுவார்கள், நீங்கள் ஓட்டிக்கொள்ளலாம், சொல்லித்தர யாரும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முதல் முறை போகிறவருக்கு ஸ்கூல்தான் சரி. டிராக் டே இரண்டாவது.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, இதை ரசிகர்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை: மண் தரையில் சின்ன பைக் பயிற்சி. அமெரிக்கன் சூப்பர்கேம்ப் போன்ற இடங்களில் சின்ன எஞ்சின் பைக்குகளை மண் ஓவலில் சறுக்கவிட்டுச் சொல்லித்தருகிறார்கள். மோட்டோஜிபி ஜாம்பவான் வாலன்டினோ ரோசி தன் ஊரான தவுல்லியாவில் உருவாக்கிய மண் டிராக்கில்தான் அவருடைய விஆர்46 பயிற்சி அகாடமி பையன்கள் வளர்ந்தார்கள். அவர்களில் ஃபிராங்கோ மொர்பிதெல்லி 2017இல் மோட்டோ2 (மோட்டோஜிபிக்கு அடுத்த கீழ்ப் பிரிவு) சாம்பியன். பெக்கோ பன்யாயா 2018இல் மோட்டோ2, 2022இலும் 2023இலும் மோட்டோஜிபி சாம்பியன். டயர் வழுக்கினால் பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான, பாதுகாப்பான வழி எனக்குத் தெரிந்து இல்லை. விழுந்தாலும் மெதுவாகத்தான் விழுவீர்கள்.

யார் வேண்டுமானாலும் போகலாம் என்ற பெயரில் இன்னும் இரண்டு இடங்கள் ரசிகர்களை இழுத்து வந்திருக்கின்றன. ஒன்று ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃபே. 20.8 கி.மீ. நீளம். பொது நாட்களில் அது ஒருவழிச் சாலையாகத்தான் இயங்குகிறது, சாலை விதிகள் பொருந்தும், முன்பு கார்களும் பைக்குகளும் கலந்து ஓடின. 2025 முதல் அந்த நாட்களில் பைக்குகளை அனுமதிப்பதில்லை, பைக்குக்கென்று தனியாக நடத்தும் நிகழ்ச்சிகளில்தான் போக முடியும். இன்னொன்று ஐல் ஆஃப் மேன் தீவில் டிடி என்ற சாலை ரேஸ் நடக்கும் 60 கி.மீ. சாலைச் சுற்று. ரேஸ் காலத்தில் மலைப்பகுதியை ஒருவழியாக்கி ரசிகர்களை ஓட்டவிடுகிறார்கள். இரண்டுமே அற்புதமான இடங்கள். ஆனால் முதல் பாடத்துக்கான இடங்கள் அல்ல. ஓரத்தில் சரளைக்கல் மணலும் மார்ஷலும் (கொடி காட்டி உதவும் டிராக் பணியாளர்) இருக்கும் மூடிய டிராக்கில் பழகிவிட்டு அங்கே போங்கள்.

ஸ்கூலைத் தேர்வு செய்வது

1980இல் கீத் கோட் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல்தான் இந்தத் துறையில் மிகவும் பரவலாகத் தெரிந்த பெயர். பிற்பாடு மூன்று முறை 500சிசி (அப்போதைய உச்சப் பிரிவு) உலக சாம்பியன் ஆன வெய்ன் ரெய்னிக்கு ஆரம்ப காலத்தில் பயிற்சி கொடுத்தவர் கீத் கோட். இந்தப் பள்ளியின் முறை ஒவ்வொன்றாகப் பிரிப்பது: ஒரு சுற்றில் (ஒரு தடவை டிராக்குக்குள் போய் ஓட்டிவிட்டு வரும் நேரம்) ஒரே ஒரு விஷயம். முதல் நிலையில் த்ராட்டில் கட்டுப்பாடு, திருப்பும் புள்ளி, வேகமாகத் திருப்புவது, உடம்பைத் தளர்த்தி வைப்பது, பார்வை. ஆரம்பப் பயிற்சிகளில் ஒரே கியரில், பிரேக்கைத் தொடாமல் ஓட்டச் சொல்வார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் பிரேக் இல்லாதபோதுதான் எந்த கார்னருக்கு எவ்வளவு வேகம் சரி என்று கண் கணக்குப் போடத் தொடங்கும்.

இன்னொரு பக்கம் நிக் இயனாட்ச் குழுவின் சாம்பியன்ஸ் ரைடிங் ஸ்கூல். முன்னாள் உலக சாம்பியன் ஃபிரெடி ஸ்பென்சர் லாஸ் வேகாஸில் நடத்திய பள்ளியின் வழியில் வந்தது. இங்கே அழுத்தம் பிரேக்கில்தான். கார்னருக்குள் நுழைந்த பிறகும் முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது, அதாவது டிரெயில் பிரேக்கிங், இவர்களின் பாடத்தில் நடுநாயகம். எது சரி என்று இணையத்தில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும்: முதலாவது கண்ணைப் பழக்குகிறது, இரண்டாவது விரலைப் பழக்குகிறது. கம்பெனிகள் நடத்தும் பயிற்சிகளும் உண்டு. டுகாட்டி ரைடிங் எக்ஸ்பீரியன்ஸ் அவற்றில் பிரபலமானது. புது பைக்கில் ஓட்டும் சந்தோஷம் அதில் கூடுதல்.

பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் சில கேள்விகள் கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள்? மூன்று நான்கு பேர் என்றால் நல்லது. பத்துப் பேர் என்றால் உங்களைப் பார்க்க அவருக்கு நேரமிருக்காது. டிராக்கில் மொத்தம் எத்தனை நிமிடம் ஓட்டக் கிடைக்கும்? ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் உட்கார்ந்து பேசுவார்களா? வீடியோ எடுத்துக் காட்டுவார்களா? மழை வந்தால் என்ன செய்வார்கள்? அவர்கள் பைக்கை எடுத்து விழுந்தால் எவ்வளவு வரை நாம் கட்ட வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். அதேபோல, சாலைக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் டிராக்கில் செல்லாது. பைக்கின் பாலிசி, உங்கள் மருத்துவ பாலிசி இரண்டிலும் "ரேஸ் டிராக்" பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

சொந்த பைக்கா, அவர்களுடையதா?

முதல் நாளுக்கு ஸ்கூலின் பைக்கை எடுங்கள். வாடகை அதிகமாகத் தெரியும். ஆனால் டயர், பிரேக் பேட், பைக்கை ஏற்றிக்கொண்டு போகிற செலவு, பைக்கைத் தயார்செய்யும் உழைப்பு எல்லாவற்றையும் கூட்டினால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்காது. அதைவிட, "என் பைக்குக்கு ஏதாவது ஆகிவிடுமோ" என்ற கவலை இல்லாமல் ஓட்டுவது பெரிய விஷயம்.

எந்த பைக்கானாலும் சரி, சின்னதாக இருக்கட்டும். 300 முதல் 400 சிசி வரை போதும். 1000 சிசி பைக்கில் நேர்ச்சாலையிலேயே உங்கள் கவனம் முழுவதும் செலவாகிவிடும். அடுத்த கார்னர் கண்ணெதிரே வந்து நிற்கும்போது யோசிக்க நேரமிருக்காது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடிக்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகிறது. கார்னருக்குள் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு போகக் கற்றுக்கொடுப்பது சின்ன எஞ்சின்தான். நேர்ச்சாலையில் பிடித்துவிடலாம் என்ற சோம்பேறித்தனத்துக்கு அதில் இடமே கிடையாது.

உடையும் ஹெல்மெட்டும்

முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட், டி வளையப் பட்டை, தற்போதைய தரச் சான்று. தாடைப் பகுதி மேலே தூக்கும் மாடல்களைப் பல இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். ஒரு முறை கீழே விழுந்து அடி வாங்கிய ஹெல்மெட்டைக் கொண்டு போகாதீர்கள், வெளியே கீறல் மட்டும்தான் என்றாலும்.

லெதர் சூட் ஒரே துண்டாக இருக்க வேண்டும், அல்லது இடுப்பைச் சுற்றி முழுவதும் ஜிப் போட்டு இணைக்கும் இரண்டு துண்டாக. அளவு பார்க்கும்போது கண்ணாடி முன் நின்று பார்க்காதீர்கள். பைக்கில் உட்கார்ந்து, டேங்க் மேல் குனிந்து பாருங்கள். நிற்கும்போது நெஞ்சையும் தோளையும் இழுத்துப் பிடிக்கிற சூட் குனிந்தால் சரியாக உட்காரும். நின்றால் வசதியாக இருக்கிற சூட் விழும்போது சுருண்டு, முழங்கைப் பாதுகாப்பு முழங்கையை விட்டு நகர்ந்துவிடும். புது லெதர் விறைப்பாக இருக்கும். வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நடமாடுங்கள், உட்காருங்கள், எழுந்திருங்கள். இல்லையென்றால் முதல் சுற்றிலேயே முன்கை பிடித்துக்கொள்ளும்.

முதுகுப் பாதுகாப்பு கட்டாயம், நெஞ்சுக்கும் இருந்தால் நல்லது. கையுறை மணிக்கட்டைத் தாண்டி சூட் கையின் மேல் ஏறி இறுக வேண்டும். பூட் கணுக்காலுக்கு மேல் வரை. ஏர்பேக் உள்ள உடை வாங்க முடிந்தால் மற்ற எல்லாச் செலவையும் தள்ளிவைத்துவிட்டு வாங்குங்கள். உலக சாம்பியன்ஷிப்பின் மூன்று பிரிவுகளிலும் 2018 முதல் அது கட்டாயம். சென்சார்கள் விழுவதை உணர்ந்து, உடம்பு தரையில் படுவதற்கு முன்பே காற்றை நிரப்பிவிடும். கழுத்தெலும்பும் தோளும் தப்பிப்பதற்கு இதுதான் இப்போது இருக்கும் சிறந்த வழி. காதடைப்பான் மறக்காதீர்கள். காற்றின் இரைச்சல் குறைந்தால் களைப்பும் குறையும். பெரும்பாலான ஸ்கூல்களில் சூட் வாடகைக்குக் கிடைக்கும், அளவை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

சொந்த பைக்கைக் கொண்டு போவதென்றால்

முதல் வேலை பிரேக். பேடில் பாதிக்கு மேல் மிச்சமிருக்க வேண்டும், பிரேக் ஃப்ளூயிட் புதிதாக மாற்றியிருக்க வேண்டும். பழைய ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். டிராக்கில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி லீவர் பஞ்சுபோல் உள்ளே போகும். முழு வேகத்தில் கார்னரை நெருங்கும்போது அப்படி ஆவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் காய்ச்சி வடித்த நீரையோ அனுமதிக்கப்பட்ட சேர்மானத்தையோ ஊற்றச் சொல்வது பல டிராக்குகளில் விதி. கிளைக்கால் கலந்த கூலன்ட் தரையில் சிந்தினால் எண்ணெய்போல வழுக்கும், சீக்கிரம் காயாது. அப்புறம் செயின் தொய்வு, வீல் பேரிங், எண்ணெய்க் கசிவு, ஆயில் வடிக்கும் போல்ட்டின் இறுக்கம். த்ராட்டிலைத் திருகி விட்டால் தானாகப் பட்டென்று மூட வேண்டும், ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தும்.

கண்ணாடிகளையும் நம்பர் பிளேட்டையும் கழற்றிவிடுங்கள். விளக்குகள், இண்டிகேட்டர்கள் மேல் டேப் ஒட்டுங்கள். உடைந்தால் சில்லுகள் சிதறாமல் இருக்கத்தான் அது. ஸ்பீடோமீட்டரின் மேலும் ஒரு துண்டு ஒட்டுங்கள் என்பேன். எண்ணைப் பார்க்கும் ஆசை போனால் டிராக்கைப் பார்க்கும் பழக்கம் வரும். எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு டெசிபல் வரம்பு இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு.

டயர் விஷயத்தில் நண்பர்கள் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம். அந்த டயரைத் தயாரித்த கம்பெனி டிராக்குக்கு என்ன அழுத்தம் சொல்கிறதோ அதை வையுங்கள். அது குளிர்ந்த நிலைக்கான எண்ணா, சூடான நிலைக்கான எண்ணா என்று சரிபாருங்கள். ஓட ஓட டயர் சூடாகி அழுத்தம் ஏறும் என்பதால் இந்த இரண்டையும் குழப்பினால் கணக்கே தப்பாகிவிடும். ஆரம்பத்தில் நல்ல ஸ்போர்ட்ஸ் சாலை டயரே போதும். ரேஸ் ஸ்லிக்குக்கு (பள்ளக் கோடுகள் இல்லாத வழுவழு ரேஸ் டயர்) வார்மர் (டயரைச் சூடாக்கும் உறை) வேண்டும், வேகம் வேண்டும். அந்தச் சூடு வராவிட்டால் அது சாலை டயரைவிட மோசமாகப் பிடிக்கும்.

முடிந்தால் பைக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். ஓட்டிக்கொண்டே போனால் மாலையில் களைத்த உடம்போடு, ஒருவேளை உடைந்த லீவரோடு, ஓட்டிக்கொண்டே திரும்ப வேண்டும்.

காலையில் என்ன நடக்கும்?

பதிவு, உறுதிமொழிக் கையெழுத்து, பைக் பரிசோதனை, விளக்கக் கூட்டம். கூட்டத்தில் முன் வரிசையில் உட்காருங்கள். கொடிகளின் பொருளை அங்கேதான் சொல்வார்கள், நடத்துபவரைப் பொறுத்துச் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். பொதுவானவை இவை: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் சுற்று நிறுத்தப்பட்டது, வேகத்தைக் குறைத்து மெதுவாக உள்ளே வர வேண்டும். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தரை வழுக்கும், எண்ணெயோ மண்ணோ கிடக்கலாம். ஆரஞ்சு வட்டமிட்ட கறுப்புக் கொடி உங்களுக்குக் காட்டப்பட்டால் உங்கள் பைக்கில் ஏதோ கோளாறு, உடனே ஓரமாக டிராக்கை விட்டு வெளியேறுங்கள். கட்டம் போட்ட கொடி முடிவுக்கு. கொடியைப் பார்த்ததும் பிரேக்கை அமுக்கிவிடாதீர்கள். பின்னால் வருபவர் இன்னும் அதைப் பார்த்திருக்க மாட்டார். சிவப்புக்குக்கூட முதலில் கையைத் தூக்கி, படிப்படியாக வேகத்தைக் குறைப்பதுதான் முறை.

பிரிவு கேட்கும்போது ஆரம்ப நிலை என்றே சொல்லுங்கள். சாலையில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் சரி. பொதுவாக ஒரு மணி நேரத்தில் 20 நிமிடம் ஒவ்வொரு பிரிவுக்கும் கிடைக்கும். முதல் சில லேப்கள் பயிற்சியாளருக்குப் பின்னால் மெதுவாகப் போவீர்கள். அப்போது அவர் பைக்கின் பின் விளக்கைப் பார்க்காதீர்கள். அவர் தலை எந்தப் பக்கம், எப்போது திரும்புகிறது என்று பாருங்கள். பைக் திரும்புவதற்கு வெகு முன்பே ஹெல்மெட் திரும்பியிருக்கும்.

கற்றுக்கொள்ள வேண்டியது

இங்கேதான் நாளின் உண்மையான மதிப்பு இருக்கிறது, பார்வையில் இருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 50 மீட்டர் கடக்கிறீர்கள். முன் சக்கரத்துக்கு எதிரே இருக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் பாய்ந்து வருவதுபோல் இருக்கும், கை இறுகும், மூச்சு நிற்கும். பார்வையைத் தூரத்துக்குக் கொண்டுபோனால் அதே வேகம் மெதுவாகத் தோன்றும். மாற்றியது கண்ணை மட்டும்தான், பைக்கில் ஒன்றும் மாறவில்லை.

ஒவ்வொரு கார்னருக்கும் நான்கு அடையாளங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: பிரேக் பிடிக்கும் இடம், திருப்பும் இடம், உள்பக்கம் தொடும் ஏபெக்ஸ், வெளியேறும் இடம். அடையாளம் நகராத பொருளாக இருக்க வேண்டும். தரையில் ஒரு ஒட்டுப்போட்ட தார், கெர்ப்பின் (டிராக் ஓரத்து வண்ணக் கரை) நிறம் தொடங்குமிடம், தூரப் பலகை. நிழலோ நிற்கிற மார்ஷலோ வேண்டாம், மதியம் இரண்டுமே இடம் மாறியிருக்கும். பிரேக் அடையாளத்தை நெருங்கும்போது பார்வை ஏற்கெனவே திருப்பும் இடத்தில் இருக்க வேண்டும். திருப்பும்போது ஏபெக்ஸில், ஏபெக்ஸுக்கு வருவதற்கு முன்பே வெளியேறும் இடத்தில். எப்போதும் ஒரு அடையாளம் முன்னால். இது பழகவே ஒரு நாள் முழுவதும் ஆகும், அதில் தவறில்லை.

புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் சீக்கிரமே உள்ளே திருப்பிவிடுவார்கள். கார்னர் பயமுறுத்துவதால் உள்பக்கம் போய்விட்டால் பாதுகாப்பு என்று மனம் நினைக்கிறது. ஆனால் சீக்கிரம் ஏபெக்ஸைத் தொட்டவருக்கு வெளியேறும்போது டிராக் போதாது. சற்றுத் தாமதமாக, சற்று உறுதியாகத் திருப்புங்கள். திருப்புவது என்றால் உடம்பைச் சாய்ப்பது இல்லை. வலது பக்கம் போக வலது கைப்பிடியை முன்னால் தள்ளுவது. எல்லா பைக்கும் வேகத்தில் இப்படித்தான் திரும்புகிறது. தெரியாமலே செய்துகொண்டிருந்ததைத் தெரிந்து செய்யும்போது பைக் சட்டென்று சாய்வதை உணர்வீர்கள்.

பிரேக்கில் விரல் முதலில் மெதுவாக அமுக்கட்டும். முன் ஃபோர்க் கீழிறங்கி எடை முன் டயரில் ஏறிய பிறகு பலமாகப் பிடிக்கலாம். விடும்போதும் பட்டென்று விடாமல் வழுக்கிவிடுவதுபோல் விடுங்கள். ஏபெக்ஸ் பக்கத்தில் த்ராட்டிலை மிகச் சிறிதளவு திறந்து, அங்கிருந்து நடுவில் மூடாமல் ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போங்கள். சாய்ந்திருக்கும்போது பயந்து த்ராட்டிலைச் சட்டென்று மூடினால் எடை முன் டயருக்குப் பாய்ந்து பைக் நிலைகுலையும். கார்னர் நடுவில் த்ராட்டிலை மூட வேண்டியிருக்கிறது என்றால் திறந்தது சீக்கிரம் என்று பொருள்.

உடம்பைப் பற்றி ரசிகர்களுக்கு ஆசை அதிகம், முழங்காலைத் தரையில் உரசிப் பார்க்க வேண்டும் என்று. அதைத் துரத்தாதீர்கள். வெளிப்பக்கத் தொடை டேங்கைப் பற்றிக்கொள்ளட்டும், உள்பக்கப் பிட்டம் பாதி மட்டும் சீட்டை விட்டு இறங்கட்டும், பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்டில் இருக்கட்டும், தலையும் நெஞ்சும் உள்பக்கக் கண்ணாடி இருந்த இடத்தை நோக்கிப் போகட்டும். கைகள் இரண்டும் தளர்ந்திருக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு வழி: கார்னரில் முழங்கைகளைக் கோழி இறக்கைபோல் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட முடியவில்லை என்றால் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். உடம்பு உள்ளே இறங்க இறங்க அதே வேகத்துக்கு பைக் குறைவாகச் சாய்ந்தால் போதும், சாகசத்துக்காக யாரும் இறங்குவதில்லை. மோட்டோஜிபி வீரர்கள் 60 பாகைக்கு மேல் சாய்கிறார்கள் என்றால் அந்த டயரும் அந்தச் சூடும் அதை அனுமதிக்கின்றன. முழங்கால் ஒரு நாள் தானாகவே தரையைத் தொடும்.

டயர் சூடு பற்றி இன்னொன்று. முதல் இரண்டு லேப்கள் மெதுவாகத்தான். டிராக்கின் வடிவத்தையும் பாருங்கள். ஜெர்மனியின் சாக்ஸன்ரிங்கில் 13 கார்னர்களில் 10 இடப்பக்கம். தொடர்ந்து ஏழு இடது திருப்பங்களுக்குப் பிறகு வரும் 11ஆவது வலது கார்னரில், டயரின் வலப்பக்கம் குளிர்ந்துபோய், உலகத்தரமான வீரர்களே விழுந்திருக்கிறார்கள். உங்கள் டிராக்கிலும் இப்படி ஒரு கார்னர் இருக்கக்கூடும். எது என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

மற்றவர்களோடு ஓட்டுவது, விழுவது

முந்துபவர்தான் பொறுப்பு. முந்தப்படுகிறவர் தன் லைனில் அப்படியே போக வேண்டும், வழிவிடுகிறேன் என்று திடீரென்று விலகுவதுதான் ஆபத்து. திரும்பிப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஆரம்பப் பிரிவில் பெரும்பாலும் கார்னருக்குள் முந்த அனுமதி கிடையாது. பிட்டுக்குள் வரும்போது ஒரு லேப் முன்பே முடிவெடுத்து, கையைத் தூக்கியோ காலை நீட்டியோ காட்டி, ஓரமாக வாருங்கள். வெளியே போகும்போது வெள்ளைக் கோட்டைத் தாண்டி உடனே நடுவுக்கு ஏறாதீர்கள்.

கார்னரில் இடம் போதவில்லை, வெளியே போய்விடுவோம் என்று தோன்றினால் பார்வையை கார்னரின் உள்ளேயே வைத்து இன்னும் கொஞ்சம் திருப்புங்கள். பல நேரம் பைக்கால் முடியும், மனம்தான் கைவிடுகிறது. நிஜமாகவே புல்லுக்குள் போய்விட்டால் பைக்கை நிமிர்த்தி, முன் பிரேக்கை விட்டுவிட்டு, நேராக உருண்டு போகவிடுங்கள். விழுந்தால் பைக்கைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிடுங்கள். முழுக்க நின்ற பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். சறுக்கும்போது மெதுவாகத்தான் போகிறோம் என்று தோன்றும், எழ முயன்றால் உருட்டிவிடும். எழுந்ததும் வரும் வண்டிகளைப் பார்த்து, தடுப்புக்குப் பின்னால் போய் மார்ஷல் சொல்வதைக் கேளுங்கள். பைக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உடம்பு களைப்பது பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாமலே நடக்கும். பிரேக் அடையாளத்தை ஒரு முறை தவறவிட்டால் உள்ளே வந்துவிடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தண்ணீர் குடியுங்கள், மதிய உணவு லேசாக இருக்கட்டும். கடைசிச் சுற்றைத் தவறவிடக் கூடாது என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் அதில்தான் அதிகம் விழுகிறார்கள் என்று மார்ஷல்களிடம் கேட்டால் சொல்வார்கள். மழை வந்தால் மட்டும் ஓடிவிடாதீர்கள். பயிற்சியாளர் அனுமதித்தால் ஈரத் தரையில் ஒரு சுற்று போங்கள். த்ராட்டிலையும் பிரேக்கையும் எவ்வளவு மென்மையாகத் தொட முடியும் என்பதை அதைப்போல எதுவும் சொல்லித்தராது.

முடிந்த பிறகு

அன்று மாலையே டிராக்கின் படத்தை வரைந்து, ஒவ்வொரு கார்னருக்கும் அடையாளங்களை எழுதுங்கள். எந்த கார்னருக்கு எழுத ஒன்றுமே இல்லையோ அங்கேதான் நீங்கள் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள். அடுத்த முறை பயிற்சியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான். அதே டிராக்குக்கு மறுபடி போங்கள். புது டிராக்காகத் தேடிப் போவது ஜாலிதான், ஆனால் தெரிந்த டிராக்கில்தான் நம் ஓட்டம் மாறியிருப்பது தெரியும்.

இரண்டாவது, மூன்றாவது முறைக்குப் பிறகு ரேஸ் ஓட்டும் ஆசை வந்தால், உங்கள் நாட்டு மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் லைசென்ஸ் விதிகளைப் பாருங்கள். சில ஸ்கூல்களின் சான்றிதழ் அதற்குச் செல்லும், சிலவற்றினுடையது செல்லாது. ஒரே மாதிரி பைக்குகள் ஓடும் சின்ன சிசி போட்டிகளில் தொடங்குவதுதான் செலவுக்கும் கற்றலுக்கும் நல்லது.

பைக்கைச் சாலைக்குத் திருப்பும்போது டயர் அழுத்தத்தைச் சாலைக்கான அளவுக்கு ஏற்றுங்கள், டேப்பை எடுங்கள், கண்ணாடியையும் நம்பர் பிளேட்டையும் மாட்டுங்கள், பிரேக் பேடில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். வெறும் நீர் ஊற்றியிருந்தால் அதை வடித்துவிட்டுக் கூலன்ட்டை மறுபடி நிரப்புங்கள், குளிர்ப்பிரதேசமாக இருந்தால் அன்றைக்கே. நீர் உறைந்தால் எஞ்சினே வெடித்துப் பிளந்துவிடும்.